செபுக்காரர்களுக்குக் கொடுத்த பங்கு

1
இந்தக் கதை ஒரு பொட்டலம் உலர்ந்த மாம்பழத்திலிருந்து வந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. "டென்வரில் பனி கொட்டிய காலையில், கம்பெனியின் சட்ட அதிகாரி கோரின்…" என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். பனிக்கும் அவள் செய்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2
செய்தது இதுதான். பிலிப்பைன்ஸில், செபு நகரத்திலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்குக் கம்பெனிப் பங்கு தருவதென்றால் அந்த நாட்டு அரசின் அனுமதி முதலில் வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி சரியாக இருந்தால் மட்டும் போதாது. கோரினுக்கு இது தெரியும். (தெரியாதவளாக எழுதிப் பார்த்தேன். பரிதாபமாக இருந்தாள், பொய்யாகவும்.) அதற்குள் முதலாளி காரெட், வீடியோக் கூட்டத்தில் எல்லோருக்கும் பங்கு என்று சொல்லி மணியடித்துவிட்டான்.*

"எல்லாருக்கும்னு சொல்லிட்டேன் கோரின். இப்பப் போய் செபுக்காரங்களுக்கு இல்லைன்னா என் மூஞ்சிய எங்க வெச்சுக்கிறது?"

"அனுமதி வரட்டுமே."

"அது பாட்டுக்கு வரட்டும். நீ அமுக்கு."

திரையில் 'அனைவரும்' என்ற கட்டத்தை அமுக்கினாள். அனுமதி கேட்கும் மனுவை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டவள், மறந்தே போனாள்.

* அங்கே எதற்கெடுத்தாலும் மணியடிப்பார்கள். மனு போட்டதற்கு மட்டும் யாரும் அடித்ததில்லை.

3
டலிசாய் செபுவில் பொறியாளர். இந்தப் பங்கை நம்பி, கூடுதல் சம்பளத்தில் வந்த வேறு வேலையை உதறியவள். நன்றி சொல்லி மாம்பழம் அனுப்பினாள். கோரின் ஒரு துண்டு விடாமல் தின்றாள். இதை எழுதும்போது எனக்கே வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

4
இப்போது கம்பெனியை விற்கிறார்கள். அனுமதியில்லாத பங்கு எங்களுக்கு வேண்டாம், ரத்து செய்யுங்கள் என்கிறார்கள் வாங்குகிறவர்கள்.

"அங்க சட்டம் மாறிடுச்சு, பங்கு செல்லாதுன்னு செபுக்காரங்ககிட்ட சொல்லு. யாரு தோண்டப் போறா?" என்று சொல்லிவிட்டு காரெட் சாப்பிடப் போனான்.

வீடியோவில் டலிசாய் வந்தாள். "மேம், என் பங்குக்கு ஒண்ணும் ஆகாதில்ல? வீடு மாறலாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

5
முதல் முடிவில் கோரின் காரெட்டின் பொய்யைச் சொல்கிறாள். "பரவால்ல மேம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று டலிசாய் அவளையே தேற்றுகிறாள். சகிக்கவில்லை, அடித்தேன். இரண்டாவதில் உண்மையைச் சொல்லி தேம்பித் தேம்பி அழுகிறாள். டலிசாய்க்கு இவள் அழுகை எதற்கு? மூன்றாவதில், "தப்பு என்னோடது டலிசாய். உன் பங்கோட மதிப்பை கம்பெனி பணமா தந்தே ஆகணும், அதுக்கு நான் சாட்சி சொல்றேன், என் வேலை போனாலும்…"

சொல்லியேவிட்டாள். ஆனால் அவள் மைக் அணைந்திருந்தது.

"மேம்? ஒண்ணுமே கேக்கல. இன்னொரு தரம் சொல்லுங்க."

முதல் தரம் சொன்ன தைரியம் அவளுக்கு இப்போது இல்லை. எனக்கும் இல்லை. டலிசாய் காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு காத்திருக்கிறாள். மைக்கை நீங்கள் திறந்துவிடுங்கள்.