முன்தொடைக்காரர்கள்

யேசுதாசன் பர்மாவிலிருந்து திரும்பி வந்த அன்று, அவன் தெருமுனை திரும்பும்போதே வலது பாதம் தரையில் அடிக்கிற சத்தம் தெரசாளுக்குக் கேட்டுவிட்டது. டப்பென்று ஓர் அடி. அப்புறம் சாதாரணமாக ஓர் அடி. மறுபடியும் டப். சண்டைக் காலம் முழுக்கத் தனியாகப் பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டவள், கையில் ஒட்டிய கம்பு மாவோடு வாசலுக்கு ஓடினாள். முகம் பழைய முகம்தான். மீசை நரைத்திருந்தது. கால்தான் வேறு யாருடையதோ போலிருந்தது.

பட்டாள ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தூக்கப் போனவன் அவன். முழங்காலுக்குப் பக்கவாட்டில் குண்டுச் சில்லு ஒன்று கிழித்துவிட்டுப் போயிருந்தது. புண் ஆறிவிட்டது. ஆனால் காலை எடுக்கும்போது பாதம் அறுத்த கோழியின் தலை மாதிரித் தொங்கியது. விரல் தட்டிவிடாமலிருக்க முழங்காலைக் கொக்குபோல உயரத் தூக்கி வைத்து நடந்தான்.

பரளச்சிக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன ஊர் இதைப் பற்றி ஒரு முடிவுக்கு வர வெகுநேரம் ஆகவில்லை. செத்துப்போன பட்டாளத்தான் ஒருவனின் பேய், பாதத்தைக் கட்டிக்கொண்டு கப்பலேறி வந்துவிட்டது. இதை முதலில் சொன்னவன் தெரசாளின் அண்ணன் ஜேசுராஜ். மாதா கோவிலில் மணி அடிக்கிறவன். அதனால் ஆவிகளைப் பற்றிப் பேசத் தனக்கு உரிமை உண்டு என்று நினைப்பு.

“மாப்ளே, திருச்சுழிக்கு அங்கிட்டு உடைமரக் காட்டுக்குள்ள அந்தோணியார் குருசடிக் கோவில் இருக்கு. தூணுல சங்கிலி போட்டு ஒரு மாசம் கட்டி வச்சா எப்பேர்ப்பட்ட பேயும் ஓடிரும்.”

“பேயும் இல்ல, பிசாசும் இல்ல மச்சான். காலு சதை நல்லாத்தான் இருக்கு. அதுக்குத் தாக்கல் கொண்டு போற நரம்பு அத்துப்போச்சு. தூக்குன்னு சொன்னா அங்க போய்ச் சேர மாட்டேங்குது.”

“யாரு சொல்றது?”

“நான்தான்.”

“யாருகிட்ட?”

“என் காலுகிட்ட.”

ஜேசுராஜ் தங்கையின் பக்கம் திரும்பினான். “கேட்டியா? காலோட பேசுறாக.”

தெரசாளுக்கு எதை நம்புவதென்று தெரியவில்லை. பேயென்றால் ஓட்டிவிடலாம். அறுந்த நரம்பென்றால் யாரிடம் போவது? அதனால் மனசுக்குள் பேய்ப் பக்கமே கொஞ்சம் சாய்ந்திருந்தாள்.

யேசுதாசன் ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கேட்டான். “எல்லாரும் பாக்கிற மாதிரி செஞ்சு காட்டுறேன். அப்புறமும் பேய்னு சொன்னா நானே சங்கிலிய வாங்கி மாட்டிக்கிறேன்.”

பருத்தி எடுத்து முடிந்து மழைக்குக் காத்திருந்த நேரம். யாருக்கும் வேலையில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து வண்டியில் மூங்கில் வந்தது. கூரை உயரத்துக்கு ஓர் ஆளைச் செய்தான் யேசுதாசன். இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் துளை போட்டு, மடங்க வசதியாக இரும்புக் கம்பி செருகினான். ஆள் விழாமலிருக்க இடுப்பை ஒரு மாட்டுவண்டியின் பின்னால் தொங்கவிட்டுக் கட்டினான். தலைக்கு ஒரு பானை. கயிறு சோலையம்மாள் கொடுத்தாள். ஊரிலேயே பெரிய கிணறு அவளுடையது. தண்ணீர் இறைக்க வைத்திருந்த கற்றாழை நார் வடத்தைப் பிரித்தே தந்துவிட்டாள்.

எலும்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாகக் கயிறு கட்டிவிட்டு ஊரைக் கூட்டி விளக்கினான்.

“சதைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். தள்ளத் தெரியாது. அதனாலதான் ரெண்டு பக்கமும் வச்சிருக்கு. முன்தொடை சுருங்கி இழுத்தா முழங்கால் நீளும். பின்தொடை இழுத்தா மடங்கும். ஒரு பக்கம் இழுக்கையில மறு பக்கம் விட்டுக் குடுக்கணும். அம்புட்டுத்தான் நடை.”

வலது முன்தொடையை ஜேசுராஜும் அவன் கூட்டாளிகளும் எடுத்துக்கொண்டார்கள். ‘முன்’ என்ற வார்த்தை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. பின்தொடை சோலையம்மாளுக்கும் தெருப் பெண்களுக்கும். கெண்டைக்கால் தெரசாளுக்கு. பாதத்தை மேலே தூக்கும் கயிறு அமிர்தராஜுக்கு. சொன்ன சொல் தட்டாத மனுஷன். இடது காலை மேலத்தெருக்காரர்கள் மொத்தமாகப் பிடித்தார்கள். தெருவிலேயே வேகமாக ஓடும் சிறுமி முத்துப்பேச்சிதான் நரம்பு. வண்டிமேல் நிற்கும் யேசுதாசன் சொல்வதை அவள் ஓடிப்போய்க் கயிற்றுக்காரர்களிடம் சொல்ல வேண்டும். அமிர்தராஜிடம் மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் போகக் கூடாது. அது அறுந்த நரம்பு.

ஒத்திகையில் வலது காலை நீட்டச் சொல்லி முத்துப்பேச்சி ஓடினாள்.

“நாங்க எதுக்கு விட்டுக் குடுக்கணும்? வடம் என் வீட்டு வடம்” என்றாள் சோலையம்மாள்.

“முன்னால நிக்கிறது நாங்க” என்றான் ஜேசுராஜ்.

இரண்டு கட்சியும் சேர்ந்து இழுத்தது. மூங்கில் கால் விறைத்துக்கொண்டு நடுங்கியது. யேசுதாசன் வண்டிமேல் துள்ளினான். “இசிவு! இதுதான் இசிவு! ஆஸ்பத்திரியில எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! ரெண்டு பக்கமும் ஒண்ணா இழுத்து ஆளு கட்டையா விறைச்சிருவான்!”

அவனைத் தவிர யாருக்கும் சந்தோஷமில்லை. ஜேசுராஜின் பெண்சாதி பின்தொடையில் இருந்ததால் அன்றைக்கு அவன் வீட்டில் உலை ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே கூடியது. வண்டி மெல்ல நகர, மூங்கில் ஆள் இடது காலை எடுத்து வைத்தான். குதிகால் பதிந்து, பிறகு விரல் பதிந்து, அழகான அடி. அடுத்து வலது கால். பின்தொடைக்காரர்கள் முழங்காலை மடக்கினார்கள். முன்தொடைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார்கள். பாதத்தைத் தூக்க வேண்டிய அமிர்தராஜ் தன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு முத்துப்பேச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். தாக்கல் வரவில்லை. அவனும் இழுக்கவில்லை.

தெரசாள் கெண்டைக்கால் கயிற்றை லேசாகத்தான் பிடித்திருந்தாள். எதிர்ப்பக்கம் இழுக்க ஆளில்லாததால் பாதம் தானாகத் தொங்கித் தரையைத் தேய்த்தது. அது அவள் புருஷனின் கால். அச்சாக அதே கால்.

யேசுதாசன் பெருமையோடு கைகளை விரித்தான். ஜேசுராஜ் முழங்காலிட்டுச் சிலுவை போட்டான்.

“அந்தோணியாரே! பேயி இறங்கிருச்சு! மாப்ளைய விட்டுட்டு மூங்கில்ல ஏறிருச்சு!”

பெண்கள் குலவையிட்டார்கள். யேசுதாசன் வண்டியிலிருந்து இறங்கி டப் டப்பென்று அவர்களுக்கு நடுவே நடந்து காட்டினான். “என் காலைப் பாருங்கய்யா!”

“பாத்தாச்சு மாப்ளே. ரொம்ப நல்லா இருக்கு” என்று ஜேசுராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பேய் பிடித்தவர்கள் சொந்தக் காலில்தான் குருசடிக்கு வரவேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆகவே மூங்கில் ஆளை நடத்தியே கூட்டிப்போனார்கள். கரிசல் காட்டுப் பாதையில் முதலில் தள்ளாடினான். போகப் போக முன்தொடைக்காரர்களுக்கும் பின்தொடைக்காரர்களுக்கும் கை பழகிவிட்டது. யார் இழுக்கிறார்கள், யார் விடுகிறார்கள் என்று பார்க்காமலே, ஊர்க்கதை பேசிக்கொண்டே நடத்தினார்கள். முத்துப்பேச்சிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. திருச்சுழி ரோட்டில் எதிரே வந்த பஸ் ஓரங்கட்டி நின்றது. டிரைவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அமிர்தராஜ் மட்டும் வழியெல்லாம் புலம்பினான். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இழுத்திருப்பனே.”

குருசடியைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சாவிக்கொத்தோடு வந்து அண்ணாந்து பார்த்தார்.

“சத்தம் போடுவாரா?”

“மாட்டாக” என்றாள் தெரசாள்.

“கஞ்சி?”

“வேண்டாம்.”

“அப்ப தங்கமான ஆளு” என்று தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டார். அமிர்தராஜ் தன் கயிற்றை மூங்கில் முழங்காலில் முடிந்துவிட்டு, கடைசியாகக் கிளம்பி வந்தான்.

திரும்பும்போது புருஷனும் பெண்சாதியும் பின்தங்கினார்கள்.

“ஒருத்தருக்குமே புரியலையே தெரசாளு.”

“எனக்குப் புரிஞ்சுச்சு. நான் கெண்டைக்கால்ல இருந்தேன்ல? எதிர்க்க இழுக்க ஆளே இல்ல. எனக்கே பாவமாப் போச்சு.”

அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஊருக்குள் வந்தும் கையை எடுக்கவில்லை.

சில வாரங்களில் கோடை மழை கொட்டித் தீர்த்தது. அது விட்டதும் குருசடியிலிருந்து ஆள் வந்தது. நோயாளி குணமாகிவிட்டார், வந்து கூட்டிப்போகவும்.

ஊரே புறப்பட்டுப் போய்ப் பார்த்தது. உண்மைதான். வலது பாதம் நேராகத் தூக்கி நின்றது. உபதேசியார் தன் பிரார்த்தனையை விவரித்தார். ஜேசுராஜ் சங்கிலியை முத்தமிட்டான். யேசுதாசன் மட்டும் குனிந்து அமிர்தராஜ் முடிந்த கயிற்றைத் தடவிப் பார்த்தான். மழையில் ஊறிய கற்றாழை நார் சுருங்கி, கம்பிபோல இறுகியிருந்தது. பிறகு படியில் உட்கார்ந்து, மிச்சக் கயிற்றில் ஒரு துண்டை அறுத்து, தன் வலது கால் பட்டாள பூட்ஸின் முனையில் துளை போட்டுக் கோத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு துணிப்பட்டையில் முடிந்தான். எழுந்தான். பாதம் தொங்கவில்லை. கொக்குபோலத் தூக்காமல், மனுஷர் நடக்கிற மாதிரி முற்றத்தைச் சுற்றி வந்தான்.

ஜேசுராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. “குணமான ஆளுக்கு எதுக்குக் கயிறு? குருசடிக்கு வந்த பேரு கெட்டுப்போகும் மாப்ளே. ஊரு சிரிக்கும். அவுத்துப் போடுங்க!”

யேசுதாசன் காதில் வாங்கவில்லை. இன்னொரு சுற்று போனான். தெரசாள் கூடவே போய், முடிச்சு நழுவுவதாகச் சொல்லி அவனை நிறுத்தி, உட்கார்ந்து இறுக்கிக் கட்டினாள்.