இரண்டு வாரம் முந்திய கொப்பரை

பத்மாவதி அம்மணி கணவரைப் பார்த்து எறிந்த அரிவாள் என் காதோரத்து முடியை அறுத்துக்கொண்டு போய்க் கதவுநிலையில் குத்தி, அரைமணி நேரம் ஆடியது. தொண்டாமுத்தூர் மலையிலிருந்த யானைகள் அத்தனையும் அந்தச் சத்தத்தில் கேரளாவுக்கு ஓடிவிட்டன.

"தோப்பை வித்துக் கையெழுத்துப் போட்டீங்கன்னா, அந்தக் கை உடம்புல இருக்காதுங்க!"

அவள் கணவர் பாலகோபால் உலக்கையைத் தூக்கினார். பதினொரு மணிக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பைப் பத்திரம் பண்ணி, அந்தப் பணத்தைப் பங்குச்சந்தையில் இறக்குவதாக ஏற்பாடு.

"பத்து வருசத்துப் பழைய விலையில சோதிச்சுப் பாத்தாச்சு புள்ள! கொப்பரை எறங்குனா எண்ணெய்க் கம்பெனிப் பங்கை வாங்கோணும், ஏறுனா விக்கோணும். அவ்வளவுதான். ஒரு லட்சம் பதினோரு கோடி ஆகுது!"

கொப்பரை விலை என் உபயம். பொள்ளாச்சி மண்டியில் முப்பத்தாறு வருஷம் தராசு பிடித்தவன் நான். தினமும் விலையை டைரியில் குறித்தேன். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரனானாலும் மண்டி வழக்கப்படி தமிழ்த் தேதிதான். ஓய்வு பெற்ற சுறுசுறுப்பில் கடைசிப் பத்து வருஷ டைரியையும் நானே கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுத்தேன்.

உலக்கை பறந்தது. அம்மணி குனிந்தாள், நான் குனியவில்லை. என் முன்பல் ரத்தத்தோடு லேப்டாப் மேல் போய் விழுந்தது. பொறுக்க வந்தவள் திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏனுங் பிரகாசண்ணா, ஜனவரி ஒண்ணுல 'பொங்கல், மண்டி லீவு'ன்னு இருக்குதுங்களே. எந்த ஊர்லீங்க ஜனவரி ஒண்ணுக்குப் பொங்கல்?"

"தை ஒண்ணுங்க அம்மணி. தைன்னா ஜனவரிதானுங்களே?" என்றேன், பல் போன ஓட்டையில் காற்று போக.

மாசத்தை மாற்றியவன் தேதியை அப்படியே விட்டுவிட்டேன். ஜனவரி பதினான்கு வாக்கில் வரும் தை ஒன்று ஜனவரி ஒன்றில் உட்கார, எல்லா விலையும் இரண்டு வாரம் முந்திவிட்டது. இரண்டு வாரம் கழித்து வரப்போகும் விலையை முன்கூட்டியே பார்த்துப் பார்த்துத்தான் அந்தச் சோதனை பதினோரு கோடி சம்பாதித்திருக்கிறது!

பாலகோபால் கொப்பரைத் தேதிகளை எல்லாம் பதினான்கு நாள் தள்ளி மறுபடி ஓட்டினார். போட்ட ஒரு லட்சம் தேய்ந்து வெறும் ஒன்பதாயிரத்து நானூறாயிற்று.

அதற்கப்புறம் நடந்ததுதான் சண்டை. லேப்டாப் என் முதுகில் நாலாக உடைந்தது. தேங்காய் உரிக்கும் கம்பியோடு பாலகோபால் என்னைத் தோப்பைச் சுற்றி ஏழு தடவை துரத்தினார். நான் பட்ட அடியில் மரங்களே காயை உதிர்த்தன. பத்திரத்தோடு வந்த புரோக்கர் நடுவில் மாட்டி, விலா எலும்பு இரண்டு முறிய வேலியைத் தாண்டினார். பத்திரம் கிணற்றில் மிதந்தது. தோப்பு பிழைத்தது.

மறுநாள் பாலகோபால் ஒரு குலை இளநீரோடு என் வீட்டுக்கு வந்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. புதுப் பல்லுக்கு டாக்டர் என்னைக்கு வரச் சொன்னாருங்க? நானே கூட்டிட்டுப் போறேன்."

"பதினெட்டாந்தேதிங்க."

"ஆகஸ்ட்டுங்களா?"

"ஆடிங்க."

இளநீர்க் குலை என் தலையை நோக்கி வந்தது. இந்தத் தடவை குனிந்துவிட்டேன்.