லீலாவைச் சுற்றிய திருமலை

1995 ஐப்பசியில், ஒரே மகள் அன்புச்செல்வியை மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்த அன்றே முள்ளிப்பட்டு லீலாவின் உடம்பு எரியத் தொடங்கியது. அவள் கருகவில்லை, சாகவுமில்லை. முதலில் சூடு வந்தது, பிறகு வெளிச்சமும் வந்தது. ஆரணி ஆஸ்பத்திரியில் நாக்கடியில் வைத்த தெர்மாமீட்டர் வெடித்தது. தறியில் பாதி நெய்திருந்த பட்டு தலைமுடிபோலச் சுருண்டு நாறியதால், வேலை கொடுத்த முதலாளி மிச்சமிருந்த பாவு நூலை எடுத்துக்கொண்டு போனார். அக்கம்பக்கத்தார் கூரையைப் பிரித்துக்கொண்டு சேவூர்ப் பக்கம் குடிபோனார்கள்.

கணவன் திருமலை மட்டும் போகவில்லை. அரிசி ஆலையில் இரண்டு மூட்டையை ஒருசேரத் தூக்கி லாரியில் ஏற்றும் பெரிய உடம்புக்காரன். நனைத்த கோணியால் விசிறிக்கொண்டு அவளைச் சுற்றி வர ஆரம்பித்தவனுக்கு, பொங்கலுக்குள் நடையை நிறுத்த முடியாமல் போயிற்று. தின்றது, தூங்கியது எல்லாம் நடந்தபடியேதான். அவளிடமிருந்து முகத்தைத் திருப்பாமல் பக்கவாட்டில் அடிவைத்ததால், மார்பு அடுப்புக்கல்லாகக் கருத்தது. முதுகில் சித்திரையிலும் பனி பூத்திருந்தது.

வாத்தியார் வேணுகோபால் தெருவிலேயே நின்று, பேப்பரில் படித்ததைச் சொன்னார். எங்கோ தொலைவில் ஒரு நட்சத்திரமாம். அதை ஒட்டியபடி வியாழன் மாதிரி ஒரு பெரிய கிரகம் நாலே நாளில் சுற்றி வருகிறதாம்.

“அவ்ளோ கிட்டயா? வெந்துபூடாது?” என்றான் திருமலை.

“வெந்துகினுதான் இருக்குது.”

“தள்ளிப் போவலாமில்ல?”

“அதால முடியாதுப்பா.”

மறு வருஷம் லீலா ஏரியில் இறங்கினாள். அவனும் சுற்றியபடியே உடன் இறங்கினான். தண்ணீர் கொதித்ததே தவிர அவள் அணையவில்லை. வெந்து மிதந்த கெண்டைகளை ஊரார் கூடையில் அள்ளிப் போனார்கள். உப்பு மட்டும் போட்டால் போதுமாக இருந்தது. கரையேறும்போதுதான் அவன் தோளிலிருந்து ஆவி கிளம்புவதை அவள் பார்த்தாள்.

“மாமா, நீயாவது உங்க அக்கா வூட்டுக்குப் போயிடு. தேவிகாபுரம் பஸ்சு வர்ற நேரந்தான்.”

“போயி?”

“உசுரோட இருப்ப.”

“அங்க போயி நம்ம பொண்ணப் பத்தி யாராண்ட பேசுவேன்?”

அதன்பிறகு அவள் போகச் சொல்லவில்லை. மகளைப் பற்றியே பேசினார்கள். பேசப்பேச அவன் குறைந்துகொண்டே வந்தான். ஆலையில் அவனை அறிந்தவர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். 2004 மாசியில் ஒரு காலை வேட்டி மட்டும் தரையில் விழுந்தது. எரிக்க வேறொன்றும் இல்லாததால், அவன் அக்கா ராஜம்மாள் வந்து அந்த வேட்டியை எரித்துக் காரியம் செய்தாள். தாலியைக் கழற்றக் கை நீட்டியபோது லீலா தடுத்தாள்.

“மாமா இன்னும் நடந்துகினுதான் இருக்குது, அண்ணி.”

ராஜம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லீலாவின் வெளிச்சம் ஒரு ஓரத்தில் லேசாக மங்கியது. மங்கல் முகத்தின் குறுக்கே நகர்ந்து மறு ஓரத்தில் விலகியது. ராஜம்மாள் தாலியை விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

சேவூர்ப் பக்கம் போனவர்கள் திரும்பி வந்து கூரை போட்டுக்கொண்டார்கள். மழைக்காலத்திலும் அந்த வீட்டு வாசலில் வடகம் காய்ந்தது. வெளிச்சம் மங்கினால், “திருமலை போறாரு” என்று பெண்கள் கொஞ்சம் பொறுத்திருந்து, பிறகு வடகத்தைத் திருப்பிப் போடுவார்கள்.