மேற்குச் சுவரின் சிமெண்டு

ஆம்ப்ரோஸ் இறந்த மறு வருடம், அறுவடை முடிந்த கையோடு அவருடைய தம்பி ஜேஸ்பர் சுத்தியலும் உளியுமாக வந்து நின்றான்.

"அண்ணி, மேற்குச் சுவரைப் பாத்தீங்களா? உங்க பன்னி மாதிரி அடியில தொப்பை போட்டிருக்கு."

"என் பன்னி உன்னைவிட ஒல்லிதான்," என்றாள் டாம்சின். முகத்தில் சிரிப்பில்லை.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இருந்த அந்தப் பண்ணை வீடு முழுக்க மண்தான். களிமண்ணில் வைக்கோலைக் கொட்டி, மாடுகளை விட்டு மிதித்து, கல் அடித்தளத்தின் மேல் ஓர் அடுக்கு ஏற்றி, அது காய்ந்த பிறகே அடுத்ததை வைத்திருந்தார்கள் அந்தக் காலத்தவர்கள். கூரை மட்டத்தை எட்ட இரண்டு கோடைகள் ஆனதாம். மூலைகள் ரொட்டி போல உருண்டிருக்கும். சன்னல் குழிக்குள் ஓர் ஆள் உட்காரலாம். மேலே கோதுமைத் தாள் வேய்ந்த கூரை. வசந்தம்தோறும் சுண்ணாம்பு அடித்தால் போதும். சுவர் குடித்த மழையை வெயிலில் வெளியே விட்டுவிடும்.

அந்தச் சுண்ணாம்புதான் டாம்சினுக்கு ஆகாது. கொடியில் காயும் துணியெல்லாம் வெள்ளைத் தூள். கல்யாணமான நாளிலிருந்து முணுமுணுத்தாள். தன் கடைசி வசந்தத்தில், நெஞ்சுவலியை அவளிடம் மறைத்துக்கொண்டு, ஆம்ப்ரோஸ் அந்த மேற்குச் சுவருக்குச் சிமெண்டு பூசினார்.

"இனிமே உன் துணி சுத்தமா இருக்கும். போதுமாடி?"

இடதுகைக்காரர். சிமெண்டில் கொத்துக்கரண்டி இழுத்த வளைவுகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

சிமெண்டில் விழுந்த விரிசல் வழியே உள்ளே போன மழைக்கு வெளியே வர வழியில்லை.

"அந்தச் சிமெண்டை உரிச்சாகணும் அண்ணி. இல்லேன்னா குளிர்காலத்துல சுவர் உங்க படுக்கையறையோட சரிஞ்சிடும்."

"அவர் எனக்காகச் செஞ்சது. தொடாதே."

"அண்ணனுக்கு மாட்டைத் தெரியும். சுவரைத் தெரியாது."

"போடா வெளியே."

சுத்தியலையும் உளியையும் போட்டுவிட்டுப் போனான். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் கட்டிலை ஒட்டிய சுவரில் கை ஊன்றி எழுந்தாள். விரல்கள் வெண்ணெய்க்குள் போவது போல உள்ளே இறங்கின. ஆம்ப்ரோஸ் உயிர்விட்ட கட்டில் அது. அவள் வெகுநேரம் விரல்களையே பார்த்தாள். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஜேஸ்பர் வந்தபோது சிமெண்டு வளைவுகளில் பாதி தரையில் உடைந்து கிடந்தன. அவன் கோட்டைக் கழற்றினான்.

"உசரத்துல இருக்கிறதை நான் பாத்துக்கறேன் அண்ணி. நீங்க நகருங்க."

குளிர்காலம் முழுக்க முட்டுக் கொடுத்துச் சுவரை உலரவிட்டார்கள். வசந்தத்தில், உதிர்ந்த மண்ணையே புது வைக்கோலோடு மிதித்துத் திரும்ப வைத்து, சுண்ணாம்பு அடித்தார்கள்.

திங்கட்கிழமை கொடியில் ஆம்ப்ரோஸின் நீலச் சட்டை காய்ந்தது. அவள் இன்னும் அதைத் துவைத்துக்கொண்டுதான் இருந்தாள். எடுக்கும்போது தோளில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. உதறவில்லை. அப்படியே மடித்து உள்ளே கொண்டுபோனாள்.