நிற்காத நுரை

பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக் கழிவறைக்குள் நுழைந்தவர், பிரஷைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. கூடம் நிறையச் சொந்தக்காரர்கள்.

"அப்பா, நான் கழுவுறேன்னு சொல்றேன்ல? நீங்க போய் உட்காருங்க," என்றாள் கதவுக்கு வெளியே மகள்.

"இது என் வேலைம்மா."

உண்மையில் அதுதான் அவர் பிழைப்பு. பின்பக்க ஷெட்டில் டிரம் வைத்து, கழிவறை கழுவும் திரவத்தைக் கலக்கி டப்பாவில் அடைத்துக் கடை கடையாகப் போடுவார். தெருவில் அவருக்கு நுரைக்காரர் என்றே பெயர். ஆனால் அந்த நுரைதான் நிற்காது. "என்னய்யா, பத்து எண்ணுறதுக்குள்ள காணாம போயிடுது?" என்று கடைக்காரர்கள் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். சோப்பைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு காலையில் மனைவி வந்து சொன்னாள். "என்னங்க, கக்கூஸ்ல ரெண்டு வாளி தண்ணி ஊத்திட்டேன், நுரை போகவே மாட்டேங்குது."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. "அப்படி வா வழிக்கு!" என்று டிரம்மைத் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கே கடைகளுக்குப் போய், "என் வீட்டுக்கு வந்து பாருங்கய்யா," என்று அளந்துவிட்டு வந்தார்.

அவளுக்கு லூபஸ் வந்து ஆறு வருடம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லியிருந்தார்கள். கன்னச் சிவப்பு மறைந்து மூட்டுவலியும் விட்டிருந்ததால், இரண்டு தடவை டிமிக்கி கொடுத்துவிட்டாள். அவரும் கண்டுகொள்ளவில்லை. கால் வீங்கி மூச்சு வாங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி.

"யூரின் நுரை நுரையா போச்சாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

அந்த மூச்சிரைப்பிலும் அவள் சிரித்தாள். "இவர் தொழிலே நுரைதான் டாக்டர்."

இவரும் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

"அது யூரின்ல போற புரோட்டீன். அப்பவே வந்திருந்தா ஒரு சின்ன டெஸ்ட்லயே கிட்னி பாதிச்சது தெரிஞ்சிருக்கும்."

ஊசி செலுத்திச் சிறுநீரகத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். ரொம்பவே முற்றியிருந்தது. சேர்த்த பதினோராவது நாள் போய்விட்டாள். டாக்டர் சொன்ன பிறகு நுரையைப் பற்றி அவர்கள் இருவரும் பேசவே இல்லை. மகளிடம் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. விஷயம் தெரிந்தவள் மனைவி ஒருத்திதான். அவளும் இல்லாமல் இதை யாரிடம் சொல்லி அழுவது?

"எப்படித்தான் யாருக்கும் தெரியாம போச்சோ," என்று கூடத்தில் மச்சினியின் குரல் கேட்டது.

அவர் டப்பாவைத் திறந்தார். அன்றைக்குத் தட்டிக்கொடுத்த அதே டிரம்மில் பிடித்த சரக்கு. ஊற்றித் தேய்த்து, ஒரு குவளைத் தண்ணீர் விட்டார். நுரை பொங்கி வந்தது. உதட்டுக்குள் எண்ணினார். ஏழிலேயே அடங்கி, அடியில் வெள்ளைப் பீங்கான் தெரிந்தது.

மறுபடியும் ஊற்றினார்.

"முடிஞ்சுதாப்பா?"

"இரும்மா," என்றார். டப்பாவில் இன்னும் பாதி இருந்தது. ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.