பாகூர் ஏரியில் ஏறாத புள்ளி

"என் வூட்டு மாடியில நான் தண்ணி ஊத்தக் கூடாதா? இன்னாடி நியாயம் இது!"

குடத்தோடு நின்ற தையலம்மாளை, மாடி ரேடாரைப் பார்த்துக்கொள்ளும் வெண்ணிலா மறித்து நின்றாள். காட்டேரிக்குப்பம் தெருவே வேலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தது. டிவி ஓடிய வீடுகளில்கூடச் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள்.

"அக்கா, ஊத்துனா காத்து ஈரத்த அளக்குற அந்தப் பொட்டி அதிகமாக் காட்டுது. ரேடார் கணக்கே தப்பாப் போவுது."

"உன் ரேடாருக்காக நாங்க கீழ வேகணுமா?"

பங்குனி பிறந்தால் மாடிக்கு ஆறு குடம் ஊற்றுவது அந்தத் தெருவின் வழக்கம். மழை ரேடாருக்கு மாடியை வாடகைக்கு விட்டபோது அதை யாரும் யோசிக்கவில்லை. வெண்ணிலாவுக்குக்கூட இப்போதுதான் உறைத்தது. படித்த பெண் பாருங்கள்.

ரேடார் கதிர் நேராகப் போகாது. தரையோரம் ஈரம் கூடினால் கீழே வளையும். வளைவைக் கணக்கிட்டுத் திருத்தினால்தான் எதிர்ப்பட்டதன் உயரம் தெரியும். மாடித் தண்ணீரை ஊர்க் காற்றின் ஈரமென்று நம்பிய கணக்கு, பாகூர் ஏரிமேல் பறக்கும் பறவைகளை ஆள் உயரத்துக்கு இறக்கிவிட்டது. மாலையானால் தண்ணீர்மேல் ஒரு கூட்டம் நிற்பதாகத் திரை காட்டியது. வெள்ளிக்குள் சரிசெய்யாவிட்டால் வேலைக்கு வர வேண்டாமென்று தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது.

வெண்ணிலாவின் கண் கலங்கியதும் தையலம்மாள் இளகினாள். "சரி, ரெண்டு நாளு. அப்பால உன்னையே இங்க படுக்க வெப்பேன்."

வெள்ளி மாலை மாடி காய்ந்து கிடந்தது. புதுத் திருத்தம் போட்டதும் திரையில் பறவைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக இருபது மீட்டர் மேலேறின.

ஒன்று மட்டும் ஏறவில்லை.

அதே தூரம், அதே கதிர், அதே திருத்தம். மூன்று முறை போட்டுப் பார்த்தாள். ஏரி நடுவில், ஆள் உயரத்தில் நின்றது. ரேடாரின் அடுத்த சுற்றில் கரையில். அதற்கடுத்த சுற்றில் வில்லியனூர் சாலையில்.

வேடிக்கை பார்க்க வந்த தையலம்மாள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "இன்னாடி, இந்தப் பக்கந்தான் வருது?"

வெண்ணிலா அதைப் பிழை என்று குறித்து அழித்தாள். திரை சுத்தமானது.

"போயிடுச்சா?"

"திரையில போயிடுச்சுக்கா."

வேலை நிரந்தரமானது. அந்த வாரமே மாற்றல் கேட்டாள், ரேடார் இல்லாத பிரிவுக்கு. ஆவணியில் சேலத்துக்காரர் ஒருவரை மணந்து அங்கேயே போய்விட்டாள். தையலம்மாள் மகள் மகாலட்சுமியைப் பாகூரில் கொடுப்பதாக இருந்தது. நல்ல பையன், நிலமும் உண்டு. அதை நிறுத்தித் திருவாண்டார்கோயிலில் கட்டிக்கொடுத்தாள். ஜாதகம் ஒத்துவரவில்லையாம். அப்படித்தான் சொல்கிறாள்.