அடிப்பிடித்த அண்டாவும் எல்லம்மாளும்

“தீயக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க, மாஸ்டர்” என்றாள் கவிநிலா. பாத்திரம் தேய்க்கிற வீட்டுப் பெண் அடுப்பைப் பற்றி வாய் திறக்கவே கூடாது என்று அவளுக்குச் சொல்லி வளர்த்தவள் அம்மா எல்லம்மாள். எல்லம்மாள் செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அன்று காலையும் அம்மா ஆறு மணிக்கெல்லாம் வேலைக்கு வந்திருந்தாள்.

கிரிவலப் பாதையில் இருந்த அந்த அன்னதானக் கூடத்தில் இது ஒரு செய்தியே இல்லை. சித்திரையில் செத்தவள் பதினேழாம் நாள் பின்வாசல் வழியாக வந்து, குழாயடியில் கிடந்த அண்டாவைச் சாய்த்து, தலையை உள்ளே விட்டு, தேங்காய் நாரும் சாம்பலுமாகத் தேய்க்கத் தொடங்கினாள். முதல் நாள் காய் நறுக்கும் பெண்கள் அலறினார்கள். இரண்டாம் நாள், “எல்லம்மா, இந்தக் கரண்டியையும் சேத்துத் தேச்சுடு” என்றார்கள். செத்தவள் டீ கேட்பதில்லை, இடுப்பு வலி என்று உட்காருவதில்லை, பௌர்ணமிக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று முனகுவதில்லை. சமையல் மாஸ்டர் குமரேசனுக்கு அடுப்பைப் பற்றிய கவலையே விட்டுப்போயிற்று. முன்பெல்லாம் சாம்பார் சாதம் கொதித்ததும் பர்னரைக் குறைத்து, அடிவரை துடுப்பை விட்டுக் கிளறுவார். இப்போது முழுத் தீயில் விட்டுவிட்டுப் போன் பார்த்தார். வைகாசியில் ஒரு விரல் கனத்துக்கு அடிப்பிடித்தது, ஆவணியில் நாலு விரல். அத்தனையையும் எல்லம்மாள் சுரண்டி எடுத்தாள். அண்டா பளபளத்தது. எல்லம்மாள் தேய்ந்தாள்.

முதலில் கைரேகை போனது, ஆடியில் விரல்கள் போயின. ஐப்பசி மழையில் முழங்கைக்குக் கீழே எதுவும் இல்லை. மிச்சக் கையில் நாரைக் கட்டிக்கொண்டு தேய்த்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சுவரோரம் படுப்பாள். ஒவ்வொரு நாளும் பாய் அவளுக்கு இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தது. தெருவிலேயே முதல் பட்டதாரியான கவிநிலா படித்தது வேதியியல். சோடா உப்பு போட்டுக் கொதிக்க வைத்து ஊறவிட்டால் தீய்ந்தது தானாக விட்டுவரும் என்று அம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தாள். “ஊறுற வரைக்கும் அந்த மாஸ்டர் காத்துக்கினு இருப்பானா?” என்று கேட்டுவிட்டு எல்லம்மாள் திரும்பிப் படுத்தாள். கார்த்திகை தீபத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அதுவரை அம்மா மிஞ்சமாட்டாள் என்பது கவிநிலாவுக்குத் தெரிந்துபோயிற்று. அதனால்தான் வந்து கேட்டாள்.

குமரேசன் போனிலிருந்து தலையைத் தூக்கினார். “பாருங்கடி, காலேஜ் போன பொண்ணு அடுப்புக்கு ஆர்டர் போடுது. உங்கம்மாவ நானா கூப்ட்டேன்? தானா வருது, தானா தேய்க்குது. தீபத்துக்குப் பன்னண்டு அண்டா இருக்கு, வரட்டும்.”

“தீபம் வரைக்கும் எங்கம்மா இருக்க மாட்டாங்க.”

“செத்தவ இருந்தா என்னா, இல்லாட்டி என்னா?”

காய் நறுக்கும் பெண்கள் சிரித்தார்கள். கவிநிலா குழாயடிக்குப் போய், அண்டாவுக்குள் கையை விட்டு, அம்மாவின் மிச்சத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். உதறிய கோணிப்பை அளவுக்குத்தான் கனம்.

“உட்றீ. அடியில இன்னும் கறுப்பு கீது.”

“இருக்கட்டும்.”

“இனிமே நம்ம தெருவுல ஒருத்தியையும் கூப்ட மாட்டாங்கடி.”

“கூப்ட வேணாம்மா. தீய்ச்சவங்களே தேய்க்கட்டும்.”

முப்பது வருடம் பின்வாசலில் புழங்கியவளை, பந்தி நடந்துகொண்டிருந்த கூடத்தின் நடுவே தூக்கிக்கொண்டு போனாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையைத் தங்கள் பக்கம் இழுத்து வழி விட்டார்கள். முன்வாசலில் காவல்காரர் ஆதிமூலம், “அம்மாவக் கூட்டினு போறியா? ஓரமாப் போம்மா, அரிசி லாரி வருது” என்றார்.

உள்ளேயிருந்து தீய்ந்த வாடை வந்தது. எல்லம்மாள் தலையைத் திருப்பினாள். கவிநிலா நடந்துகொண்டே அவள் கன்னத்தில் உள்ளங்கையை வைத்து, முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பினாள்.